அட்டை ப்ரூஃபில் போட்ட கையெழுத்து

புத்தகம் போடப்போறேன்னு யாராவது வந்து சொன்னா, என் வாய் "ரொம்ப சந்தோஷம்"னு சொல்லும், கண்ணு பின்வாசலைத் தேடும். கள்ளக்குறிச்சி சுத்துவட்டாரத்துல நாலு கதை எழுதினவங்க, நாப்பது கவிதை எழுதினவங்க எல்லாரும் ஒரு தடவையாவது எங்கிட்ட வந்துட்டுத்தான் போறாங்க. நான் ஒண்ணும் பெரிய எழுத்தாளன் இல்ல. மொத்தமே மூணு புத்தகம். அதுல ரெண்டு இப்ப எங்கயும் கிடைக்காது, ஒண்ணு கிடைச்சும் யாரும் வாங்கறதில்ல. ஆனா ரிட்டையர் ஆன வாத்தியார், வூட்டுல சும்மாதான் இருக்கான், கேட்டா சொல்லுவான்னு ஒரு பேர் ஆகிப்போச்சு.

வர்றவங்க கேக்கறது எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். எந்தப் பேப்பர் நல்லா இருக்கும், முன்னுரை யார்கிட்ட வாங்கலாம், வெளியீட்டு விழாவை எங்க வெக்கலாம். ப்ரூஃப் எப்படிப் பாக்கறதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. கேக்காட்டி இன்னா, நானே சொல்லுவேன். உள்பக்கத்தை யார் வேணா பாக்கட்டும், அட்டையை மட்டும் நீங்களே பாருங்க, பேனாவோட பாருங்க, தனியா உக்காந்து பாருங்கன்னு சொல்லுவேன். அது எதுக்குன்னு கேட்டா ஒரு கதை வெச்சிருக்கேன். என் முதல் புத்தகத்து அட்டையில பிரஸ்காரர் அவரா ஒரு வேலை பண்ணிட்டார், அதனால எனக்கு ஒரு நல்ல சிநேகிதம் போச்சுன்னு சொல்லுவேன். கேக்கறவங்க உச்சுக் கொட்டுவாங்க. நானும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்குவேன்.

அந்தக் கதையில பாதி பொய். இத்தனை வருஷமா தூக்கிக்கினு திரிஞ்சாச்சு, இனிமே முடியல. இன்னிக்கு முழுசாச் சொல்லிடறேன். நடுநடுவுல புத்தகம் போடறவங்களுக்கு உபயோகமா ஏதாவது வந்தா எடுத்துக்கோங்க.

அப்போ எனக்கு இருபத்தாறு வயசு. கல்வராயன் மலை மேல, வெள்ளிமலையும் தாண்டி, மலைக்காரங்க பிள்ளைங்க தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துல வேலை. வாத்தியாருங்க எல்லாம் கீழேருந்து வந்தவங்க. சனிக்கிழமை ஆனா பஸ் பிடிச்சு வடக்கனந்தல் வழியா கள்ளக்குறிச்சிக்கு இறங்கிடுவோம், திங்கக்கிழமை காலையில ஏறுவோம். மழைக்காலத்துல பஸ் பாதி நாள் வராது. தகரக் கூரை போட்ட ஒரு ரூமுல நானும் இன்னொரு வாத்தியாரும் இருந்தோம். ஒரே அடுப்பு, ஒரே சோத்துப் பானை. அவனுக்கும் என் வயசுதான். அவன் என்னை நீன்னு கூப்பிடுவான், நானும் அப்படித்தான்.

இதைச் சொல்லித்தான் ஆகணும்: நான் சின்னசேலம் பக்கம், ஊர்த் தெரு. அவன் மூங்கில்துறைப்பட்டு பக்கம், காலனி. ஒரு தடவை எங்கப்பா மலைக்கு வந்து எங்ககூட சாப்பிட்டப்போ அவன் என்னைப் பாத்து, "இன்னாய்யா, உப்பு கம்மியா இருக்குது, நீ டேஸ்ட்டே பாக்கல போலக்குது"ன்னான். எங்கப்பாவுக்கு அடுத்த வாய் இறங்கல. உப்பு கம்மின்னு இல்ல. அவன் என்னை நீன்னு சொல்லிட்டான்னு.

மழை பெய்யும்போது நான் எழுதுவேன். அவன் கயித்துக் கட்டில்ல மல்லாந்து, கண்ணை மூடிக்கினு கேப்பான். நான் படிக்கப் படிக்க அவன் எங்க கொட்டாவி விடறானோ, அங்க பென்சிலால ஒரு கோடு போடுவேன். மறுநாள் அந்த இடத்தை வெட்டிடுவேன். பதினெட்டுக் கதை பதினொண்ணு ஆனது அவன் கொட்டாவியாலதான். எழுதறவங்களே, பாராட்டறவனை எல்லாம் வாசல்லயே உக்கார வெச்சு டீ குடுத்து அனுப்பிடுங்க. வெக்கப்படாம கொட்டாவி விடற ஆள் ஒருத்தர் கிடைச்சா காலைப் பிடிச்சாவது வூட்டுக்குள்ள கூப்பிடுங்க. அப்படி ஒரு ஆள் எனக்கு அதுக்கப்புறம் அமையவே இல்ல.

என் கையெழுத்து கோழி கிளறினாப்புல இருக்கும். "இதைக் கொண்டுபோய்க் குடுத்தா அச்சுக்கோக்கறவன் அழுதுடுவான்யா"ன்னு சொல்லி, அவனே பதினொரு கதையையும் கார்பன் வெச்சு எழுதிக் குடுத்தான். முத்து முத்தா இருக்கும். மேல் காப்பி பிரஸ்ஸுக்கு. கார்பன் காப்பியை இன்னா பண்றதுன்னு யோசிச்சோம். தகரக் கூரை ஒழுகுது, இங்க வெக்க வேணாம், ரெண்டு காப்பியும் ஒரே இடத்துல இருக்கவும் கூடாதுன்னு அவன்தான் சொன்னான். அவங்கம்மாவோட தகரப் பொட்டியில கொண்டுபோய் வெச்சான். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், "எம்புள்ள எழுத்து, பொட்டியில வெச்சிக்கிறேன்"னு சொல்லிக்கினு இருப்பாங்களாம்.

அந்தப் பதினொண்ணுல ஒரு கதை அந்தம்மாவோடது.

அவனுக்கு வாத்தியார் வேலைக்கு ஆர்டர் வந்த அன்னிக்கு, அவங்கம்மா அந்தக் காயிதத்தை எடுத்துக்கினு தான் களை வெட்டப் போற பண்ணைக்காரர் வூட்டுக்குப் போனாங்க. காமிக்கணும்னு ஒரு ஆசை. பண்ணைக்காரர் வாசல்ல நின்னுக்கினு இருந்தார். காயிதத்தை நீட்டினதும், கையில வாங்கல. "கீழ வெய்யி, பாக்கறேன்"னார். அந்தம்மா மண்ணுல வெச்சாங்க. காத்துல பறக்காம இருக்க ஒரு கல்லையும் எடுத்து மேல வெச்சாங்க. பண்ணைக்காரருக்குக் கண்ணாடி போட்டும் பார்வை பத்தல. அதனால ரெண்டு கையையும் முட்டியில ஊனிக்கினு, குனிஞ்சு, நிமிராமலே முழுசாப் படிச்சார். அந்தம்மா வூட்டுக்கு வந்து அழல. "எம்புள்ள காயிதத்துக்கு அவரு குனிஞ்சாருடா"ன்னு தெருவெல்லாம் சொன்னாங்க.

இதை அவன் எங்கிட்ட சொன்னப்போ நான் அடுப்புல விறகைத் தள்ளிக்கினு இருந்தேன். அந்தப் பண்ணைக்காரர் எங்க ஆளு. எனக்குச் சொந்தம் இல்ல, பழக்கம் இல்ல, ஆனா எங்க ஆளு. எங்கப்பா பேருக்குப் பின்னாடி ஒட்டிக்கினு இருக்கிற அதே ஜாதிப் பட்டம்தான் அவர் பேருக்குப் பின்னாடியும்.

எழுதட்டுமான்னு கேட்டேன். எழுதுன்னான். ஒரே ஒரு கண்டிஷன் போட்டான். "பட்டம் மட்டும் புக்குல எங்கயும் வரக்கூடாது. அவருதும் வேணாம், உன்னுதும் வேணாம். எங்கம்மாவுக்கு அட்டையிலருந்து கடைசி வரைக்கும் நான்தான் படிச்சிக் காட்டப்போறேன். அந்த வார்த்தையை எங்கம்மா மூஞ்சிக்கு நேரா நான் படிக்க மாட்டேன்."

"இவ்ளோதானா? போய்யா"ன்னு சொன்னேன். நான் பத்திரிகைக்குக் கதை அனுப்பும்போதே பட்டம் போடறதில்ல. அதனால அது எனக்கு ஒரு பெரிய வாக்காவே தோணல. சுலபமா குடுத்துட்டேன்.

முன்னுரைன்னு ஒண்ணுக்கு அலைஞ்சதையும் சொல்லிடறேன். பெரிய மனுஷர் ஒருத்தர்கிட்ட மூணு தடவை போனேன். மூணாவது தடவை, கட்டின கயிறு அவுக்காம அப்படியே திருப்பிக் குடுத்து, "நல்ல முயற்சி"ன்னார். பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கினு அந்த முடிச்சைப் பாத்தேன், நான் போட்ட முடிச்சேதான். முன்னுரை இல்லாம ஒரு புத்தகமும் செத்துப் போயிடாது. அந்த நேரத்துக்கு உங்க கடைசிக் கதையை இன்னொரு தடவை திருத்துங்க.

பிரஸ் கள்ளக்குறிச்சி கடைத்தெருவுல இருந்தது. அதை நடத்தினவர் ஒரு பாய், தலைமுறையா டவுன்லயே இருக்கிற குடும்பம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி, கடைக்காரங்க பில் புக்கு, இதுதான் அவருக்குத் தொழில். கதைப் புத்தகம் அதுவரைக்கும் போட்டதே இல்ல. "கத புக்குங்களா? போட்டுடலாங்க வாத்தியாரே, எழுத்து எழுத்துதானே"ன்னார். எட்டுப் பக்கம் கோக்கற அளவுக்குத்தான் அவர்கிட்ட ஈய எழுத்து இருந்தது. எட்டுப் பக்கம் கோப்பார், நான் ப்ரூஃப் பாக்கணும், அச்சடிப்பார், எழுத்தைப் பிரிச்சுத் திரும்ப அடுத்த எட்டுப் பக்கம் கோப்பார். நான் ஒரு சனிக்கிழமை இறங்கலேன்னா ஒரு வாரம் வேலை நிக்கும். மழையில பஸ் வராத அன்னிக்கெல்லாம் மலையிலருந்து நடந்தே இறங்கியிருக்கேன்.

நண்பனும் கூட வருவான். அவன் கையெழுத்துப் பிரதியைப் பிடிச்சுக்குவான், நான் ப்ரூஃபை சத்தம் போட்டுப் படிப்பேன், கமா புள்ளி உட்பட. அப்புறம் ஒரு ஸ்கேலை வரிக்கு அடியில வெச்சுக்கினு கடைசி வரியிலருந்து மேல பாத்துக்கினு வருவேன். கதைக்குள்ள போயிட்டா கண்ணு தப்பைத் தாண்டிப் போயிடும். அதுக்குத்தான் தலைகீழாப் பாக்கறது. இது நல்ல முறை, இப்ப கம்ப்யூட்டர்ல அடிக்கிறவங்களும் செய்யலாம். அந்தப் புத்தகத்து உள்பக்கத்துல மொத்தமே மூணு தப்புதான். பாய்க்கே ஆச்சரியம். "கல்யாணப் பத்திரிகைக்குக் கூட இப்டி யாரும் பாக்கறதில்லீங்க"ன்னார்.

ஆனா ஒரு விஷயத்துல பாயை மிஞ்ச ஆள் இல்ல. அவர்கிட்ட ஒரு நீள நோட்டு இருந்தது. எந்த ஊர்ல எந்தக் குடும்பம் இன்னா பட்டம் போட்டுக்குது, தாய்மாமன் பேரு முதல்லயா பெரியப்பா பேரு முதல்லயா, எல்லாம் அதுல எழுதி வெச்சிருப்பார். முன்னே ஒரு தடவை யாரோ ஒரு தாய்மாமன் பேருக்குப் பட்டம் விட்டுப்போச்சாம். கட்டுக் கட்டா பத்திரிகையைக் கொண்டுவந்து கடை வாசல்ல கொட்டி, "எங்க மாமன் இன்னா அநாதையா பாயி?"ன்னு சண்டைக்கு வந்துட்டாங்களாம். அதுலருந்து அவர் யாரையும் கேக்கறதே இல்ல. நோட்டைப் பாப்பார், போட்டுடுவார். வெறும் பேரைப் போடறது மரியாதைக்கொறைச்சல்னு அவர் மனசுல பதிஞ்சுபோச்சு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் எங்க தங்கச்சி கல்யாணப் பத்திரிகை அவர்கிட்ட அடிச்சோம். எங்க குடும்பமும் அந்த நோட்டுல ஏறியாச்சு.

இட ஒதுக்கீடு கேட்டு எங்க ஆளுங்க ரோட்டுக்கு வந்த வருஷங்கள் அது. கேட்டதுல தப்பில்ல. எங்க தெருவுல காலேஜ் வாசலை மிதிச்சவன் நான் ஒருத்தன்தான். மத்தவங்க எல்லாம் கரும்பு வெட்டப் போனாங்க, கடலை பிடுங்கப் போனாங்க. நண்பனே சொல்லுவான், "கேக்கட்டும்யா, கேக்காம எவன் குடுத்தான்?"னு. அப்புறம் ஒரு வாரம் ரோடு மொத்தத்தையும் மறிக்கப் போறாங்கன்னு சேதி வந்தது. பள்ளிக்கூடத்தை மூடிட்டாங்க. கடைசி பஸ்ஸுல ரெண்டு பேரும் இறங்கினோம். புத்தகம் உள்பக்கம் முழுசும் அச்சாகிக் கிடந்தது. அட்டை ஒண்ணுதான் பாக்கி.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல அவன் பையைத் தோள்ல மாட்டிக்கினு, "நான் ஊருக்குப் போறேன். அம்மா தனியா இருக்கும். நீ அட்டையப் பாத்துட்டுப் போ"ன்னான். ரெண்டு அடி போய்த் திரும்பி, "நல்லாப் பாரு"ன்னு சொன்னான். அட்டைக்கும் அவன் வர்றதாத்தான் இருந்தது.

பிரஸ்ஸுக்குப் போனா எங்கப்பா அங்க உக்காந்துக்கினு இருந்தார். ரோடு மறிச்சுட்டா நான் வூடு வந்து சேர முடியாதுன்னு என்னைக் கூப்பிட சைக்கிள்ல வந்திருந்தார். அவரைத் தவிர எங்க ஆளுங்க அஞ்சாறு பேர், மறியல் நோட்டீஸ் வாங்க நின்னுக்கினு இருந்தாங்க. மெஷின்ல அதான் ஓடிக்கினு இருந்தது. பாய் எனக்கு அட்டை ப்ரூஃபை எடுத்து நீட்டினார். மை இன்னும் ஈரம். மேல புத்தகத்துப் பேரு. கீழ கொட்டை எழுத்துல என் பேரு. என் பேருக்குப் பின்னாடி பட்டம்.

பார்த்தேன். இத்தனை வருஷமா நான் பாக்கலேன்னு சொல்லிக்கினு வர்றேனே, அது பொய். ப்ரூஃபை வாங்கின உடனே பார்த்தேன். முதல்ல கண்ணுல பட்டதே அதான்.

எங்கப்பா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். எழுந்து வந்து, ஈரத்துல படாம விரலை அந்த இடத்துக்கு மேல வெச்சுக்கினு, ஒவ்வொரு எழுத்தாப் படிச்சார். அந்த மூஞ்சியை நான் அதுக்கு முன்னாடி ஒரு தடவைதான் பாத்திருக்கேன், நான் பாஸ் ஆன அன்னிக்கு. பாய், "தங்கச்சி பத்திரிகையில போட்டாப்புலயே போட்டுட்டங்க. இந்த நேரத்துல வுட்டுட்டா நல்லா இருக்காதுங்களே"ன்னார். நோட்டீஸுக்கு நின்ன ஒருத்தர் எட்டிப் பாத்து, "அட, நம்ம ஆளு புக்கே போட்டுட்டாருய்யா"ன்னு என் முதுகுல ஒரு தட்டு தட்டினார். எல்லாரும் என்னையே பாத்தாங்க. எனக்கு ஒரு நிமிஷம் பெருமையா இருந்தது. மறைக்க மாட்டேன், பெருமையாத்தான் இருந்தது.

"இதை எடுத்துடுங்க பாய்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். அஞ்சு ஈய எழுத்து. கிடுக்கியால பிடுங்கிப் போட ரெண்டு நிமிஷம் ஆகுமா? எங்கப்பா மூஞ்சி வாடும், அந்த அஞ்சாறு பேரும் ஒரு மாதிரி பாப்பாங்க, ஏன் எதுக்குன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க. நான் பேனாவை எடுத்தேன். புத்தகத்துப் பேருல ஒரு எழுத்து லேசா சரிஞ்சு நின்னது, அதைச் சுழிச்சுக் காட்டினேன். "இதை மட்டும் நேரா நிக்க வெச்சுடுங்க"ன்னு சொல்லிட்டு, ஓரத்துல "சரி"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கப்பா சைக்கிள்ல பின்னாடி உக்காந்துக்கினு வரும்போது, அவன்கிட்ட பாய் மேல பழியைப் போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

மறுநாளே ரோட்டை மறிக்க ஓரத்துப் புளியமரத்தை எல்லாம் வெட்டிச் சாய்ச்சாங்க. சேலம் ரோடு ஒரு வாரம் செத்துக் கிடந்தது. வூட்டுலயே இருந்தேன். நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ, மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு காலனியை எங்க ஆளுங்க கொளுத்திட்டாங்கன்னு பேச்சு வந்தது. ஊர்ப் பேரைக் கேட்டேன். அவன் ஊருதான். எங்கம்மா, "ரோடு இல்லியே, எப்பிடிடா போவே?"ன்னாங்க. அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கினேன். மலையிலருந்து ப்ரூஃப் பாக்க நடந்தே இறங்கினவன் நான். அன்னிக்கு ரோடு இல்லேன்னு வூட்டுல உக்காந்துட்டேன்.

பஸ் ஓட ஆரம்பிச்சதும் பாய் புத்தகக் கட்டை அனுப்பி வெச்சார். பள்ளிக்கூடம் திறந்தது, அவன் வரல. ஒரு வாரம் பாத்துட்டு, புத்தகம் ஒண்ணை எடுத்து மஞ்சப் பையில போட்டுக்கினு அவன் ஊருக்குப் போனேன்.

காலனியில ரெண்டு வரிசையில கூரை இல்ல. சுவரு மட்டும் கறுப்பா நின்னது. அவங்களை எல்லாம் பக்கத்துல இருந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்துல தங்க வெச்சிருந்தாங்க. அவங்கம்மா தாழ்வாரத்துல முறத்துல அரிசி பாத்துக்கினு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் எழுந்து, "வாங்க சார்"னாங்க. நான் மஞ்சப் பையை இடுக்கிக்கினு நின்னேன். அவங்கதான் பேசினாங்க. "பொட்டியும் போச்சு சார். எம்புள்ள எழுதன காயிதமும் அதுலதான் இருந்துது. போவட்டும். அதான் அச்சுல வந்துடுமே, அழியாதுன்னு சொல்லிக்கினு கீறேன். வந்துடுச்சுங்களா சார்?"

நண்பன் உள்ளேருந்து வந்தான். தாடி வளந்திருந்தது. வான்னு சொல்லல. நான் பையிலருந்து புத்தகத்தை எடுத்தேன். என் கை அட்டையைப் பாதி மறைச்சுக்கினு இருந்தது. இருந்தும் அவன் கண்ணு நேரா அங்க போச்சு. அவன் ஒண்ணும் கேக்கறதுக்கு முன்னாடியே, "பாய் பண்ண வேலைய்யா. ரோடு மறிச்சுட்டாங்க, நான் பாக்கல"ன்னேன். வூட்டுலருந்தே மனப்பாடம் பண்ணிக்கினு வந்தது, தடங்கல் இல்லாம வந்துடுச்சு. "நல்லாப் பாரு"ன்னு அவன் சொன்னது ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

புத்தகத்தை நீட்டினேன். அவன் ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கினான்.

"கீழ வெய்யி. பாக்கறேன்."

வெச்சேன். காத்து அடிச்சது, அட்டை லேசாத் தூக்கிக்கினு ஆடினது. அவங்கம்மா ஓடிவந்து ஒரு செங்கல் துண்டை எடுத்து ஓரத்துல வெச்சாங்க. மகன் இன்னா சொன்னான்னு அவங்க கேட்டுதான் இருப்பாங்க. எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாங்க. அவன் குனிஞ்சான். ரொம்ப நேரம் குனிஞ்சுக்கினு இருந்தான்.

"இன்னாடா போட்டுக்கிது? படியேன்"னு அவங்கம்மா கேட்டாங்க.

அவன் புத்தகத்துப் பேரைப் படிச்சான். அப்புறம் என் பேரைப் படிச்சான். வெறும் பேரு. அதோட நிறுத்திட்டான். நான் எடுக்காத அஞ்சு எழுத்தை, அவங்கம்மாவுக்காக அவன் எடுத்துட்டுப் படிச்சான்.

அந்தம்மா முந்தானையில கையைத் துடைச்சுக்கினு, புத்தகத்தை எடுக்க வந்தாங்க. "தொடாதம்மா, மை ஈரமாக்கீது. காயட்டும், அப்பால வாங்கிக்கலாம்"னான். அச்சடிச்சுப் பத்து நாளுக்கு மேல ஆன புத்தகம். அந்தம்மா உடனே கையை இழுத்துக்கினாங்க. "பாத்து எடுத்துக்கினு போங்க சார், அழிஞ்சிடப் போவுது"ன்னு எங்கிட்ட சொன்னாங்க. அவன் உள்ள போயிட்டான். அந்த வருஷமே மாத்தல் வாங்கிக்கினு திருவண்ணாமலைப் பக்கம் போனான். அதுக்கப்புறம் நாங்க பேசிக்கல.

நான் செங்கல்லை நகர்த்தி வெச்சுட்டு, குனிஞ்சு புத்தகத்தை எடுத்து, பையில போட்டுக்கினு பஸ்ஸுக்கு வந்துட்டேன்.